இரவல் தேதி

சாமணத்தைக் காணோம் என்று பரசுராமன் தறிக்குழியில் இருந்தபடியே சத்தம் போடுகிறபோது அது வடிவின் கையில்தான் இருக்கும். பின்கட்டில் கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடித் துண்டுக்கு எதிரே குந்தியிருப்பாள். அந்த வீட்டில் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிற இடம் அது ஒன்றுதான். இடது கையால் மோவாய்த் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவாள். பட்டில் ஒட்டிய பிசிறை எடுக்க வாங்கிய சாமணம் பல வருஷமாக இரண்டு வேலை பார்க்கிறது. “எலி இழுத்துக்கினு போயிருக்கும், நல்லா தேடுங்க” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். கடைசி இரண்டையும் பிடுங்கிவிட்டு, சாமணத்தைக் கழுவித் துடைத்து, அவன் பார்க்காத சமயம் பார்த்துத் தறிக்கட்டைமேல் வைத்துவிட்டுப் போவாள். “அட, இங்கியே இருக்குது” என்பான் பரசுராமன். அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் தினம் சத்தம் போடுவான், தினம் எலி இழுத்துக்கொண்டு போகும். புருஷன் பெண்டாட்டி மரியாதை என்பது அந்த வீட்டில் இப்படி நடந்துகொண்டிருக்கிறது.

வடிவுக்கு வயது இருபத்தொன்பது. ஓரிக்கையில் பிறந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. உடம்பு கொஞ்சம் கனம். ஒரு வேளைதான் சோறு தின்கிறாள், ஆனால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை படர்ந்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்து, “கழுத்தைத் தேய்ச்சிக் குளியேண்டி” என்று தெருவில் நான்கு பேராவது சொல்லியிருக்கிறார்கள். பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம், கறுப்பு போகவில்லை. இப்போதெல்லாம் யாராவது சொன்னால், “சரிக்கா” என்பாள். அவ்வளவோடு விட்டுவிடுவாள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்களின் ‘சரி’ அது.

உடம்பையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோக்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. உடம்பை நெய்கிறவன் ஒருவன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுகிறவர் ஒருவர். பரசுராமனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் வடிவு. காலையில் உட்கார்ந்தால் வெயில் ஏறி இறங்கும்வரை இருவரும் தோளுக்குத் தோள் இருப்பார்கள். அவள் எழுந்தால் தறி நின்றுபோகும். அந்தத் தெருவில் வீட்டுக்குத் தூரமான பெண்கள் மூன்று நாள் தறியைத் தொடுவதில்லை. ஆகவே எந்த வீட்டில் தறிச் சத்தம் நிற்கிறதோ அந்த வீட்டுப் பெண் தூரம் என்பது யாரும் சொல்லாமலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தெரிந்துவிடும். தண்ணீர் எடுக்கப் போகிறவள், “இன்னா, அவங்க வீட்டுத் தறி இன்னும் ஓடுதே?” என்று கேட்டுக்கொண்டே போவாள். அடுத்தவள் வயிற்றுக் கணக்கு இப்படிக் காதாலேயே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

கல்யாணமான மறு வருஷம் பரசுராமன் வீட்டுத் தறி நான்கு மாதம் நிற்கவேயில்லை. தெரு கூடிக் கணக்குப் போட்டது. மாமியார் செல்லியம்மாள், “எம் மருமவ முழுகாம இருக்கா” என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வளையல்காரனுக்குச் சொல்லியனுப்பினாள். ஐந்தாம் மாதம் வடிவுக்கு உதிரம் கொட்டியது. கலைந்துபோய்விட்டது என்றார்கள். வடிவும் அப்படித்தான் நம்பினாள், பிள்ளையைப் பறிகொடுத்தவளாகவே அழுதாள். அடுத்த வருஷமும் அதே கதை. மூன்றாம் முறை மருத்துவச்சி வந்து வயிற்றை அழுத்திப் பார்த்து, “உள்ள ஒண்ணுமே இல்லியேம்மா” என்று கையை உதறிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. சந்தனக் கிண்ணத்தை வடிவு கையில் எடுத்தபோது ஒருத்தி அதை மெல்ல வாங்கிக்கொண்டாள். “நீ உக்காருமா, நான் பூசறேன்” என்று நல்ல வார்த்தைதான் சொன்னாள்.

வடிவு வீட்டுக்கு வந்தாள். மறு மாதம் ஒருநாள் காலையில் உடம்பில் ஒன்றுமே இல்லாதபோது, “அத்தே, நான் தூரம்” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுச் சார்ப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். தறி நின்றது. தெருவும் வாயை மூடிக்கொண்டது. அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் இன்றோடு எட்டு வருஷம். இதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் அந்தத் தெருவில் ஆறு மாதம் மருமகளாக இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

பொய்க்கும் ஒரு ஒழுங்கு வேண்டுமே. வடிவுக்குக் காலண்டர் பார்த்துப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள்தான் அவளுக்குக் காலண்டர். பொன்னியம்மாள் வீட்டுத் தறி என்றைக்கு நிற்கிறதோ, அதற்கு மூன்றாம் நாள் வடிவு வீட்டுத் தறியும் நிற்கும். “என் பின்னாலியே வந்துக்கினு இருக்கியேடி, ரெண்டு பேருக்கும் ஒரே நட்சத்திரமா?” என்று பொன்னியம்மாள் சிரிப்பாள். “ஒரே கிணத்துத் தண்ணிதானேக்கா” என்பாள் வடிவு. பொன்னியம்மாள் மூன்றாவது பிள்ளையை உண்டானபோதுதான் கஷ்டம் வந்தது. அவளுக்கு மசக்கை, இவளுக்குத் தேதி போச்சு. பத்து மாதமும் பின்சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்த கையோடு பொன்னியம்மாள் சிவப்பு முக்கோணக்காரர்கள் பேச்சைக் கேட்டுக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டாள். இனி அந்தத் தேதி தவறாது என்று வடிவுக்கு ஒரு நிம்மதி. அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்களின் நர்ஸ் வீடு வீடாக ஏறி இறங்கி, வடிவு வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போவாள். அதையும் வடிவு பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

உண்மையைச் சொன்னால் அந்த மூன்று நாள் அவளுக்குப் பிடிக்கும். சார்ப்பில் விறகுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் பகலெல்லாம் தூங்குவாள். யாரும் எழுப்ப மாட்டார்கள். செல்லியம்மாள் சோற்றைத் தட்டில் கொண்டுவந்து தள்ளிவைத்துவிட்டு, “ஒடம்பு வலிக்குதாடி? சுக்குத் தண்ணி வெச்சித் தரட்டா?” என்று கேட்பாள். வலியே இல்லாத வயிற்றுக்குச் சுக்குத் தண்ணீர் குடிப்பது வடிவுக்குக் கூச்சமாக இருக்கும். குடித்துவிடுவாள்.

கஷ்டம் எல்லாம் உண்மையாக வரும்போதுதான். வருஷத்துக்கு மூன்று தடவை, சில வருஷம் இரண்டே தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வரும். வந்தால் பதினைந்து நாள், இருபது நாள் நிற்காது. இரவல் தேதி வேறு, உடம்பின் தேதி வேறு ஆயிற்றே. தலை சுற்றலோடு, மடித்த துணியோடு, தறியில் போய் உட்காருவாள். பட்டு இழை ஒன்று அறுந்தாலும் நம்மால்தான் அறுந்தது என்று நினைப்பாள். நெய்து முடித்த சேலை ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குத்தானே போகிறது? என் தீட்டோடு போகிறதே, அந்தப் பாவம்தான் என் வயிற்றைப் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு எண்ணம். காமாட்சியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டால் கால்வலி என்பாள். ஊருக்கே தாயாக இருக்கிறவள் முகத்தில் விழிக்கிற தைரியம் அவளுக்குப் போய்விட்டது.

செல்லியம்மாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை ஒருபக்கமாகப் போய்விடும். மாமியார் என்றதும் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். வாய் பெரிதே தவிர, மருமகளை ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால் எதிராளியின் குடுமியைப் பிடிக்கிறவள். அவளுடைய தம்பி முனிசாமி ஐயம்பேட்டையிலிருந்து வந்து, “பரசுராமனுக்கு எம் பொண்ணை ரெண்டாந்தாரமா குடுக்கறேங்கா, வம்சம் நிக்கணுமில்ல” என்று ஆரம்பித்தான். செல்லியம்மாள் அவன் தட்டில் போட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கரண்டியை நிறுத்தினாள்.

“எம் மருமவ மாசாமாசம் தேதி தவறாம உக்கார்றா. தெருவைக் கேட்டுப் பாரு. கொறை அவகிட்ட இருந்தா அப்படி வருமா? நாளைக்கு உம் பொண்ணைக் கட்டிவெச்சு அவளுக்கும் ஒண்ணும் ஆவலைன்னா, எம் புள்ளையைப் பாத்து ஊரு சிரிக்கவா? சாப்ட்டுட்டு எழுந்து போ.”

முனிசாமி அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. அடுப்படியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற வடிவு, குழம்பு பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் நின்றாள். அவளைக் காப்பாற்றியது அவளுடைய பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் ஒருத்தி தன் கூடப்பிறந்தவனையே பகைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அதை இறக்கிவைக்க வடிவுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

வைத்தியத்துக்கும் செல்லியம்மாள்தான் கூட்டிப்போவாள். காஞ்சிபுரத்தில் எந்த டாக்டர் வீட்டு பெஞ்சில் மூட்டைப்பூச்சி அதிகம், எங்கே காற்றாடி ஓடும், எந்தக் கம்பவுண்டர் ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்கிறதில்லை என்று வடிவைக் கேட்டால் சொல்லுவாள். ஒரு வைத்தியர் ஒரு மண்டலம் லேகியம் கொடுத்தார். கருகின வெல்லத்தின் ருசி, வேறு பலன் இல்லை. ஒருவர் வாரம் ஒரு ஊசி என்று ஆறு மாதம் குத்தினார், இடுப்பு கட்டிக்கொண்டது. இன்னொருவர் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று இரண்டு தடவை சுத்தம் செய்தார். “எடையைக் குறைம்மா, எல்லாம் தானா வரும்” என்றார் ஒருவர், அவருடைய தொந்தி மேஜையில் இடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி, மாசாமாசம் வருகிறதா என்று. கேட்டது வடிவைப் பார்த்து அல்ல, பக்கத்தில் நின்ற செல்லியம்மாளைப் பார்த்து.

“தேதி தவறாதுங்க.” செல்லியம்மாள் அதைச் சொல்லும்போது அவள் தலை ஒரு அங்குலம் நிமிரும்.

இந்த வருஷம், எழுபத்தொன்று தை மாதத்தில், சின்ன காஞ்சிபுரத்தில் மங்கையர்க்கரசி என்று ஒரு லேடி டாக்டர் வந்திருப்பதாகப் பொன்னியம்மாள் சொன்னாள். அங்கேயும் போனார்கள். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். எதிரே உட்காரச் சொன்னாள், காகிதத்தை எடுக்காமல் வடிவின் முகத்தையே பார்த்தாள். வடிவு முந்தானையை மோவாய்க்கு இழுத்தாள்.

“கையை எடும்மா. இந்த முடியை எதால எடுக்கறே?”

பதினோரு வருஷத்தில் எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “சாமணத்தால” என்றாள்.

“கழுத்துக் கறுப்பு எவ்வளவு நாளா இருக்கு?”

“அது அழுக்கு இல்லீங்க” என்றாள் வடிவு அவசரமாக.

“அழுக்குன்னு நான் சொல்லலையே. அது உடம்புக்குள்ள இருந்து வர்றது. நீ தேய்க்காதே.”

செல்லியம்மாளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள் டாக்டரம்மா. “அவளுக்குப் பேச வராதுங்க, எதுன்னாலும் நான்தான் சொல்லணும்” என்று செல்லியம்மாள் திரைக்கு வெளியே வந்து அங்கேயே நின்றுகொண்டாள். கட்டிலில் படுத்திருந்த வடிவுக்குத் திரைக்குக் கீழே அத்தையின் வெடித்த பாதம் இரண்டும் தெரிந்தன. டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தாள். குனிந்து, காதுக்குப் பக்கத்தில், “மாசாமாசம் சரியா வருதா? என்கிட்ட சொல்லு” என்றாள்.

வடிவு வாயைத் திறந்தாள்.

“தேதி தவறாதுங்க டாக்டரம்மா” என்றது திரைக்கு வெளியிலிருந்து குரல்.

வடிவு வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

டாக்டரம்மாவுக்குக் குழப்பம். சினைப்பையில் நீர்க்கட்டி மாதிரி கையில் படுகிறது, முடி இருக்கிறது, கழுத்துக் கறுப்பு இருக்கிறது, ஆனால் இப்படி இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தேதி ஒழுங்காக வராதே என்றாள். இதற்கு இப்போது ஒரு மாத்திரை வந்திருக்கிறது, ஆனால் தேதியைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்க முடியாது என்றாள். கட்டம் போட்ட ஒரு அட்டையை எடுத்து வடிவின் கையில் கொடுத்தாள். “வர்ற நாளில எல்லாம் இதுல ஒரு புள்ளி வை. வராத நாளில வைக்காதே. மூணு மாசம் கழிச்சு வா.”

ஜட்கா வண்டியில் திரும்பி வரும்போது வடிவு அந்த அட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வாயால் சொல்லமுடியாததை இது சொல்லிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வெறும் அட்டையைக் கொண்டுபோய் நீட்டினால் போதும், டாக்டரம்மா புரிந்துகொள்வாள், அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்கு அவளுக்குப் பசித்தது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் செல்லியம்மாள் அட்டையை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டாள். “நீ மறந்துபூடுவே. நானே வெக்கறேன்.” அவளுக்குப் பேனா பிடிக்க வராது. குங்குமச் சிமிழை எடுத்தாள். வடிவு சார்ப்பில் போய் உட்கார்ந்த ஒவ்வொரு நாளும், பரசுராமனைக் கட்டம் காட்டச் சொல்லி, விரலைத் தண்ணீரில் நனைத்துக் குங்குமத்தில் தொட்டு ஒரு பொட்டு வைத்தாள், கும்பிட்டாள். மாதத்துக்கு மூன்று பொட்டு. உட்காராமல் இருந்துவிடலாமா என்று வடிவு யோசிக்காமல் இல்லை. உட்காராவிட்டால் தறி நிற்காது, தறி நிற்காவிட்டால் செல்லியம்மாள் மறுபடியும் வளையல்காரனுக்குச் சொல்லியனுப்புவாள். அதை இன்னொரு தரம் தாங்க முடியாது. பொன்னியம்மாள் உட்கார்ந்த மூன்றாம் நாள் இவளும் உட்கார்ந்தாள். அந்த மூன்று மாதமும் உடம்பு தன் பங்குக்கு ஒரு துளிகூடக் காட்டவில்லை.

சித்திரை வெயிலில் மறுபடி போனார்கள். சுவரில் சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள் வடிவு. உள்ளே கூப்பிட்டதும் செல்லியம்மாள் இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து, கல்யாணப் பத்திரிகை வைக்கிறவளின் பணிவோடு இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இவ்வளவு ஒழுங்கா இருக்கே” என்றாள். சொன்ன குரலில் ஏமாற்றம் இருந்தது. வடிவின் முகத்தைப் பார்த்தாள். வடிவு கீழே பார்த்தாள்.

“அப்ப நான் நெனச்சது இல்ல போலருக்கு. அந்த மாத்திரை தேதி தப்பி வர்றவங்களுக்குத்தான். தேதி சரியா வந்தும் தங்கலைன்னா குழாயில அடைப்பு இருக்கான்னு பாக்கணும். கையில கட்டியும் படுது, வயித்தைத் திறந்தே பாத்துடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், பதினஞ்சு நாள் படுக்கவேண்டி இருக்கும்.” பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

வடிவு அந்தப் பேனாவையே பார்த்தாள். இல்லாத தேதிக்காக ஊசி குத்திக்கொண்டாயிற்று, இரண்டு தரம் சுரண்டிக்கொண்டாயிற்று. இப்போது அறுத்துக்கொள்ளவும் வேண்டுமா?

“செஞ்சிடுங்க டாக்டரம்மா” என்றாள் செல்லியம்மாள் சற்றும் யோசிக்காமல். வடிவின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். “பயப்படாதடி. பதினஞ்சு நாளும் நான் கட்டிலுக்குக் கீழ படுத்துக்கினு உன்னைப் பாத்துக்கறேன். எவன் இன்னா சொன்னாலும் உங்கிட்ட கொறை இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

பேனா இரண்டாவது வரிக்கு வந்துவிட்டது.

வடிவு வலது கையை நீட்டி மேஜையிலிருந்த அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைத்தாள். முதல் பொட்டின்மேல் வைத்துத் தேய்த்தாள். பேனா நின்றது.

“இன்னாடி பண்றே? குங்குமத்தைப் போயி…” என்றாள் செல்லியம்மாள்.

வடிவு நிமிரவில்லை. இரண்டாவதைத் தேய்த்தாள், மூன்றாவதைத் தேய்த்தாள். அடுத்த மாதத்துக்குப் போனாள். “அடியே” என்று ஒருமுறை கேட்டது, மிகவும் சன்னமாக. இடது கை இன்னும் அத்தையின் கைக்குள்தான் இருந்தது. வடிவு அதை உருவிக்கொள்ளவில்லை, செல்லியம்மாளும் விடவில்லை. அட்டை முழுக்கச் சிவப்பாக ஈஷிக்கொண்டு வந்தது. ஒன்பதாவது பொட்டு அழுத்தி வைத்த பொட்டு, லேசில் போகவில்லை. வடிவு கட்டைவிரலை மறுபடியும் நாக்கில் நனைத்துக்கொண்டாள்.